டேப்லெட்டைக் கம்ப்யூட்டரால் சீர்செய்தல்

காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறும் ஜக்கார்டு பெட்டியை நாம் அறிவோம். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் அமைத்த முறை அது. எந்தப் பாவு இழை உயரவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே கட்டளையிடுகின்றன. அட்டைக் கோவை சிதைந்தால் பெட்டி நன்றாயிருந்தும் கரையில் உரு விழாது. கோவையைப் புதுப்பித்தால் தறி முன்போல் ஓடும்.

டிசைன் படங்களையும் கூலிக் கணக்கையும் நாம் சேமித்து வைக்கும் டேப்லெட்டும் அத்தகையதே. அதனை இயக்கும் கட்டளைக் கோவைக்குப் ‘பர்ம்வேர்’ என்று பெயர். அது கெட்டால், கருவி கம்பெனிச் சின்னத்தைக் காட்டியபடியே நின்றுவிடும். கம்ப்யூட்டர் மூலம் அதனை மீண்டும் ஏற்றலாம். கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. கருவியின் பின்புறத்திலோ பெட்டியிலோ உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்க. வேறு மாடலுக்குரிய பர்ம்வேரை ஏற்றினால் கருவி அடியோடு முடங்கக்கூடும்.

2. தயாரித்தவர்கள் வழங்கும் மென்பொருளையே பயன்படுத்துக. லெனோவோவிற்குச் ‘சாப்ட்வேர் பிக்ஸ்’, ஐபேடிற்கு விண்டோஸில் ‘ஆப்பிள் டிவைசஸ்’ உள்ளன.

3. இரண்டிலும் பேட்டரியை நன்கு சார்ஜ் செய்து, நல்ல கேபிளால் இணைக்க. மின்தடை நேரும் இடங்களில் லேப்டாப் சிறந்தது. வேலை முடியுமுன் கேபிளைக் கழற்றலாகாது.

4. ஐபேடில் முதலில் ‘அப்டேட்’ கொடுக்க; அது சேமித்தவற்றை அழிக்காமல் சீர்செய்ய முயலும். ‘ரீஸ்டோர்’ யாவற்றையும் அழித்துவிடும்.

பர்ம்வேர் மீளும், அழிந்த டிசைன் மீளாது. ஆதலின் கருவி நன்றாக இயங்கும்போதே மாதந்தோறும் பிரதி எடுத்து வைத்தல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.