மனிதர் நட்ட காடு

இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், தென்மேற்குக் கடற்கரையோரம் குருயி என்னும் ஊர் உள்ளது. அதைச் சுற்றியுள்ள குன்றுகளை வானூர்தியிலிருந்து பார்ப்பவர் இயற்கைக் காடு என்றே எண்ணுவார். உள்ளே சென்றால்தான் பெரிய மரங்களின் தண்டில் முக்கோணக் குழிகள் வரிசையாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். இவை டாமர் மரங்கள். நம் நாட்டுக் குங்கிலிய மரத்துக்கு உறவு. குழியில் ஊறும் பிசின், அதிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் நீங்கியதும் கண்ணாடிபோல் இறுகும். வார்னிஷ், வண்ணப்பூச்சு செய்ய அது பயன்படுகிறது. உழவர் பிரம்பு வளையத்தில் உடலைத் தாங்கவிட்டு, குழிகளையே ஏணிப்படியாக்கி ஏறிப் பிசினைப் பெயர்த்தெடுப்பார்.

மாணவர்களே, இம்மரத்தை வளர்ப்பது எளிதன்று. பிசின் எடுக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை எதை உண்பது? விதையையோ சேமிக்க முடியாது. உதிர்ந்தவுடன் முளைக்கும், இல்லையேல் கெட்டுவிடும். ஆண்டுதோறும் காய்ப்பதுமில்லை. ஆகவே உழவர்கள் விதைக்குப் பதிலாகக் கன்றையே சேமித்தார்கள்! நிழலில் நெருக்கமாக நட்ட கன்றுக்கு ஒளி குறைவு. எனவே ஒளிச்சேர்க்கையும் வளர்ச்சியும் குறைவு. சாகாமலும் உயராமலும் அது காத்திருக்கும்.

இந்த ஒளிக் கணக்கைச் சற்றுக் காண்போம். ஓர் இலையடுக்கு தன்மீது விழும் ஒளியில் பாதியைக் கீழே விடுகிறது என்று கொள்வோம். இரண்டு அடுக்குகளுக்குக் கீழே கால் பங்கு, மூன்றுக்குக் கீழே 1/8 பங்கு, ஐந்துக்குக் கீழே 1/32 பங்கு. ஓர் அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் அடியிலிருக்கும் கன்றுக்குக் கிடைக்கும் ஒளி இருமடங்கு மாறிவிடும். இளங்கன்று முழு வெயிலைத் தாங்காது. அடர்ந்த நிழலில் வளராது.

எனவே நிலத்தைத் திருத்தி முதலில் மலைநெல், பிறகு காப்பியும் மிளகும் பயிரிட்டார்கள். அவற்றின் மிதமான நிழலில் டாமர் கன்றை நட்டார்கள். மிளகுக்கொடி ஓய்வதற்குள் டாமர் மேலெழுந்துவிடும். வீட்டுக்கு இடைக்கால வருவாயும் உண்டு. டூரியான் முதலிய பழமரங்களையும் சேர்த்தார்கள். மற்றச் செடிகளின் விதைகளைப் பறவைகளும் வௌவால்களும் கொண்டுவந்தன. இயற்கைக் காட்டின் எல்லா உயிர்களும் இங்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரே மரம் நட்ட தோட்டத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

தோட்டம் இவ்வளவு காடுபோல் செழித்ததே வினையாயிற்று! அரசின் வரைபடத்தில் பெரும்பகுதி அரசுக் காடாகக் குறிக்கப்பட்டது. 1990களில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் நெருங்கின. மக்கள் விடாமல் வாதாடினார்கள். 1998இல் வனத்துறை அமைச்சரின் ஆணை ஏறத்தாழ 29,000 ஹெக்டேரில் அவர்கள் தொடர்ந்து நடவும் பயன்கொள்ளவும் உரிமை அளித்தது. நிலம் மட்டும் அரசுக் காடாகவே நீடித்தது.