பூக்கும் இடம் தெரிந்து வெட்டுவோம்

ஜவ்வாது மலையில் நான் பணியாற்றும் பள்ளியின் வளாகத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கிளைகள் வகுப்பறைக் கூரையில் உரசுகின்றன என்று மார்கழி மாதத்தில் ஆள் வைத்துச் சுற்றிலும் வெட்டச் செய்தேன். அந்தக் கோடையில் ஊரில் மற்ற மரங்கள் காய்த்துத் தொங்க, எங்கள் மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எங்க வீட்டுக் கொய்யாவ வெட்டினா நெறைய காய்க்குது. மாமரத்த வெட்டினா மட்டும் ஏன் காய்க்கல?"

அன்று என்னிடம் விடை இல்லை. அதைத் தேடியதிலிருந்து உருவானதுதான் இந்தப் பாடம். எங்கள் மாணவர் பலரின் வீட்டில் பழம் என்பது கடையில் வாங்குவதன்று, கொல்லையில் பறிப்பது. தவறான மாதத்தில் விழும் ஒரு வெட்டு, ஓராண்டுப் பழத்தை அந்தக் குழந்தையிடமிருந்து பறித்துவிடும்.

செயல்பாடு 1: பூ எங்கே?

ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, பூ எந்த மாதத்தில், கிளையின் எந்தப் பகுதியில் வருகிறது என்று ஓராண்டு குறித்து வரட்டும். நாங்கள் தொகுத்தவை இவை:

• மா: முற்றிய கிளையின் நுனியில், மார்கழி, தை மாதங்களில் பூங்கொத்து வரும். அப்போது நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம். வெட்டிய பின் வரும் துளிர் முற்றவும் பல மாதங்கள் வேண்டும். ஆகவே அறுவடை முடிந்தவுடன் கவாத்து செய்ய வேண்டும்.

• கொய்யா: புதிதாக வளரும் துளிரின் இலைக் கோணங்களில் பூக்கும். துளிர் கூடினால் காயும் கூடும். செப்டம்பர்–அக்டோபரிலும் பிப்ரவரி–மார்ச்சிலும் நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வரை வெட்டலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

• சீத்தா: இலையுதிர்ந்த பின் வரும் புதுத் துளிர்களோடு பூக்கும். மரம் மொட்டையாக நிற்கும்போது, துளிர்க்கும் முன் வெட்டலாம்.

• பலா: அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் முளைக்கும் குறுங்கிளைகளில் காய்க்கும். ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்கள் வெளிக்கிளைகளில் ஒடிக்கட்டும். அடிமரத்துக் குறுங்கிளைகளைச் செதுக்கிவிடக் கூடாது.

• எலுமிச்சை: காய்ந்த கிளைகளையும், முள்ளோடு நேராகச் சீறி எழும் நீர்ப்போத்துகளையும் நீக்கினால் போதும்.

மாணவியின் கேள்விக்கு விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. கொய்யா புதுத் துளிரில் பூக்கிறது. மா முற்றிய கிளையில் பூக்கிறது.

செயல்பாடு 2: நுனியைக் கிள்ளினால்?

பள்ளியில் உள்ள செம்பருத்தியில் ஒரே பருமனுள்ள ஆறு கிளைகளைத் தேர்ந்து வண்ண நூல் கட்டுங்கள். மூன்றின் நுனியைக் கிள்ளிவிடுங்கள்; மூன்றை அப்படியே விடுங்கள். மூன்று வாரங்கள் கழித்துப் பக்கத் துளிர்களை எண்ணச் சொல்லுங்கள். நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது; நுனி போனால் அவை விழித்துக்கொள்கின்றன. 10ஆம் வகுப்பில் 'நுனி ஆதிக்கம்' என்று படிப்பதை மாணவர் இங்கே விரல்விட்டு எண்ணிவிடுகிறார்கள்.

செயல்பாடு 3: எங்கே வெட்டுவது?

கிளை தொடங்கும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அமெரிக்க மரநோய் அறிஞர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்தவர். மரம் தன் காயத்தை நம் தோலைப்போல ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று 1970களில் விளக்கினார். அந்தப் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். நீளமாக முளை விட்டு வெட்டினால் அது காய்ந்து, அழுகல் உள்ளே இறங்கும்.

பருத்த கிளைக்கு மூன்று வெட்டு தேவை. முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாகப் பாதி வரை அறுக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழச் செய்ய வேண்டும். கடைசியாக, மிஞ்சிய முளையைப் புடைப்பை ஒட்டி நீக்க வேண்டும். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

இங்கே மாணவர் வேலை வெட்டுவதன்று, தீர்மானிப்பது. காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது எவை என்று பார்த்து நாடா கட்டி, காரணத்தையும் சொல்லட்டும். மரம் ஏறுவதும் ரம்பம் பிடிப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூசுவதானாலும் ஆசிரியரே பூசுங்கள். அதிலுள்ள மயில்துத்தம் நஞ்சு.

மறுமுறை எங்கள் மாமரத்தை ஆவணி மாதத்தில், மாணவர் நாடா கட்டிய நான்கு கிளைகளில் மட்டும் வெட்டினோம். கூரையும் தப்பியது, பூவும் தப்பியது. உங்கள் பள்ளியிலும் மரம் வெட்ட ஆள் வரும் நாளுக்கு முன், "இது எங்கே பூக்கும்?" என்று மாணவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.