முன்பாரமா, பின்பாரமா? டிரைக் விமானம் கற்பிக்கும் திருப்புத்திறன்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘இயக்க விதிகள்’ பாடத்தில் திருப்புத்திறன் தத்துவம் வருகிறது. கணக்கைச் சரியாகப் போடும் மாணவரும், அதன் பயனைக் கேட்டால் சீசா பலகையோடு நின்றுவிடுகிறார். ஆனால் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் பாரவண்டி பற்றித் தெரியாத வீடு குறைவு. முன்பாரமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும். இந்த அறிவிலிருந்தே ஒரு விமானத்தின் வடிவமைப்பை விளக்கலாம்.

டிரைக் என்பது என்ன?

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் துணியாலான நெகிழும் இறக்கையை உருவாக்கினர். முதல் மாதிரிகளுக்குச் சமையலறைத் திரைச்சீலைத் துணியே உதவியது. அந்த வழியில் வந்த முக்கோண இறக்கையின் கீழ், எஞ்சின் பொருத்திய மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தொங்கவிட்டால் அதுவே டிரைக்.

இதற்கு வால் இல்லை. ஓட்டுநர் இறக்கையோடு இணைந்த கைப்பட்டையைத் தம் பக்கம் இழுத்தால், வண்டியின் எடை இறக்கைக்கு முன்னே நகரும். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். முன்னே தள்ளினால் வேகம் குறையும். பட்டையை வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் திரும்பும்.

இரண்டாவது இருக்கை எங்கே?

வண்டி முழுவதும் ஒரே தொங்கு புள்ளியில் தொங்குகிறது. முன்னே ஓட்டுநர், பின்னே எஞ்சின். இரண்டின் திருப்புத்திறன்களும் ஏறத்தாழச் சமம். இன்னொருவர் ஏறினால் இந்தச் சமநிலை கெடக்கூடாது. எனவே அவருக்கான இருக்கை ஓட்டுநருக்குப் பின்னால், தொங்கு புள்ளிக்கு நேர்கீழே அமைகிறது. அங்கே தொலைவு சுழி. எடை எவ்வளவானாலும் திருப்புத்திறனும் சுழி. பறக்கும்போது எடை குறைந்துகொண்டே வரும் எரிபொருள் தொட்டியையும் பல வடிவமைப்புகளில் அதே இடத்தை ஒட்டியே வைக்கிறார்கள்.

இருக்கை முன்னே தள்ளிப்போனால் வண்டி மூக்குச் சாய்ந்து தொங்கும். தரையிறங்கும்போது முன்சக்கரம் முதலில் மோதும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. 30 செ.மீ. அளவுகோலை 15 செ.மீ. குறியில் நூலால் கட்டித் தொங்கவிடுக.
2. 5 செ.மீ. குறியில் ஒரு துணி கிளிப்பை (ஓட்டுநர்) மாட்டுக. 20 செ.மீ. குறியில் இரண்டு கிளிப்புகளை (எஞ்சின்) மாட்டுக. 1 × 10 = 2 × 5 என்பதைக் குழுவில் எழுதச் செய்க.
3. நான்காவது கிளிப்பை (பயணி) 15-இல் மாட்டுக. பிறகு 10-க்கு நகர்த்துக. வேறுபாட்டை மாணவரே சொல்லட்டும்.

எடை கூடினால் வேகம்?

சமநிலை மாறாவிட்டாலும் ஒன்று மாறும். விமானம் வானில் நிற்கத் தேவையான மிகக்குறைந்த வேகம், எடையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தனியே 300 கிலோ, பயணியுடன் 375 கிலோ எனக் கொள்வோம். √1.25 ≈ 1.12. தனியே மணிக்கு 55 கி.மீ. போதுமானால், இருவருக்கு 61 கி.மீ.க்கு மேல் வேண்டும். தனியே பழகிய வேகத்திலேயே ஒருவரை ஏற்றிக்கொண்டு இறங்க முயல்பவர், தரையைத் தொடும் முன்பே போதிய தூக்குவிசையை இழக்கக்கூடும். கணக்கில் ஒரு தசமம்தான். வானில் அது இரண்டு உயிர்.

மதிப்பீட்டு வினாக்கள்

* பயணிக்கு எடை மிகுதி என்றால் இருக்கையை நகர்த்த வேண்டுமா? ஏன்?
* எஞ்சினை மாற்றி, எடை கூடிய ஒன்றைப் பொருத்தினால் எதை, எந்தப் பக்கம் நகர்த்தலாம்?
* உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாரவண்டி ஓட்டியவரிடம், மூட்டைகளை எந்த வரிசையில் அடுக்கினார் என்று கேட்டு எழுதுக. அவர் சொல்வதில் திருப்புத்திறன் எங்கே இருக்கிறது?