நீரிழிவும் அளவறிந்து வாழ்தலும்

திருப்பதியின் அலிபிரி அடிவாரத்தில் ஒரு காலைப்பொழுது நிற்போர், 3,550 படிகளை வெறுங்காலுடன் ஏறத் தொடங்கும் மக்களைக் காண்பர். அவர்களுள் செல்வரும் உண்டு; கூலி வேலை செய்வோரும் உண்டு. ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருந்தவரும் அன்று ஒரு நாள் நடக்கின்றனர். அக்கூட்டத்தில் நீரிழிவு உடையாரும் இருப்பர். சிலர் தம் வியாதியை அறிவர், சிலர் அறியார். அவ்விரு திறத்தார்க்கும், இனி அவ்வியாதி வாராது காத்துக்கொள்ள விரும்பும் நம் அனைவர்க்கும் வேண்டிய செய்திகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலாவது, இது யாருடைய வியாதி? செல்வர்க்குரியது என்றும், உழைத்து உண்பாரை அணுகாது என்றும் நம்மவர் பலர் நம்பி வருகின்றனர். அது பிழை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற வளமிக்க மாநிலங்களின் நகரங்களில் செல்வரைக் காட்டிலும் வசதி குறைந்தவரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதைக் காட்டிற்று. அதன் தொடர்ச்சியாக 2023-இல் வெளியான கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையார் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி. நாட்கூலியால் குடும்பம் நடத்துவோர் ஒரு காலை இழந்தால், இழப்பது கால் மட்டுமன்று. வீட்டின் அடுப்பும் அணையும்.

இரண்டாவது, வியாதியின் காரணம் யாது? நாம் உண்ணும் சோறும் களியும் இனிப்பும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. வயிற்றில் கொழுப்பு மிகுந்து, தசைகள் உழைப்பின்றி இருக்குமாயின், உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, நாளடைவில் களைத்துப் போகிறது. பெற்றோர்க்கு இவ்வியாதி இருந்தால் மக்களுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவு வேறு வகை; அது உணவுக் குற்றத்தால் வருவதன்று. அதற்கு இன்சுலின் இன்றியமையாதது.

மூன்றாவது, தடுக்க இயலுமா? இயலும். குளுக்கோஸ் நீர் பருகி இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது, இரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். 140 முதல் 199 வரை இருப்போர் வாயிலில் நிற்போர். அத்தகைய 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த இந்திய ஆய்வு ஒன்று சென்னை மருத்துவர்களால் 2006-இல் வெளியிடப்பட்டது. தனி அறிவுரை பெறாதவருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு அறிவுறுத்தப்பட்டவருள் நோயுற்றோர் நூற்றுக்கு 39 பேரே. ஆகவே, பயன் தருவது ஆண்டுக்கொரு முறை மலையேறுதல் அன்று, அன்றாட நடையே.

நான்காவது, உணவில் கவனிக்க வேண்டுவன. சித்தூர்ப் பக்கம் கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்றது. வெள்ளைச் சர்க்கரை தீது, வெல்லம் தீதன்று என்று கூறுவோர் உளர். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. அப்பகுதியார் விரும்பி உண்ணும் ராகி சங்கடி நல்ல உணவே. ஆயினும் அதுவும் மாவுப்பொருள். உருண்டையின் எண்ணிக்கை கூடினால் இரத்தச் சர்க்கரையும் கூடும். சோற்றையும் களியையும் குறைத்துக் கீரை, காய், பருப்பு ஆகியவற்றைக் கூட்டுதல் நலம்.

உணவைக் குறைப்பதெப்படி என்பதற்குச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசல மன்னன் பசேநதி வயிறு புடைக்க உண்டு, மூச்சு வாங்கியவாறு பகவரிடம் வந்தான். பகவர் அளவறிந்து உண்பதன் பயனை உபதேசித்தார். மன்னன் சுதர்சனன் என்னும் இளைஞனை அமர்த்தி, தான் உண்ணும் வேளைதோறும் அவ்வுபதேசத்தை ஓதச் செய்தான். படிப்படியாகக் குறைத்து ஒரு நாழி அளவில் நிறுத்தினான். உடலும் இளைத்து நலம் பெற்றான். ஒரே நாளில் பட்டினி கிடக்கவில்லை என்பதையும், நினைவூட்ட ஒருவரை உடன் வைத்துக்கொண்டான் என்பதையும் நாம் கருதவேண்டும். நம் வீடுகளில் அவ்வேலையை மனைவியோ மக்களோ செய்யலாம்.

ஐந்தாவது, நோயுற்றோர்க்கு எச்சரிக்கை. நெடுநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கக்கூடும். அத்தகையோர் வெயிலில் காய்ந்த கல்மீது வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் எழுந்ததையும் முள் தைத்ததையும் அறியார். சிறு புண் அழுகிப் பாதத்தையே நீக்கும் நிலை வரலாம். நாள்தோறும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்வோர் வெறும் வயிற்றுடன் மலையேறுதல் ஆகாது. நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தோன்றினால் உடனே சிறிது சர்க்கரை உட்கொள்ள வேண்டும். எக்காரணத்தாலும் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்தலாகாது.

இவ்வியாதி தொடக்கத்தில் வலி தருவதில்லை; ஆதலின் வலிக்காகக் காத்திருத்தல் தவறு. முப்பது வயது கடந்தோர் அரசாங்க மருத்துவமனையில் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. இன்று உண்ணும் சோற்றில் ஒரு கைப்பிடி குறைத்து, மாலையில் அரைமணி நேரம் நடக்கத் தொடங்குக. இதற்குப் பொருட்செலவு இல்லை. நாள்தோறும் தவறாத கவனம் ஒன்றே வேண்டுவது.