சுவருக்கு வர்ணம் பூசுமுன் தாளில் எழுதுங்கள்

"மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூன்றும் மூன்று மாதிரி. ஒருவர் சொன்ன தொகையில் பாதியை இன்னொருவர் சொல்கிறார். யாருக்கு வேலையைக் கொடுப்பது?" வீட்டுக்கோ கடைக்கோ வெளிப்புற வர்ணம் பூச எண்ணும் நமது வர்த்தகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூவரிடமும் ஒரே வேலையைத்தான் கேட்டீர்களா?

அநேகமாக இல்லை என்பதே பதில். ஒருவர் சுவரைக் கழுவி, வெடிப்பை அடைத்து, அடிப்பூச்சு ஒன்றும் மேற்பூச்சு இரண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார். மற்றவர் பழைய வர்ணத்தின் மேலேயே ஒரு பூச்சு என்று நினைத்திருப்பார். இரண்டும் வெவ்வேறு சரக்கு. ஒரு மூட்டை சீனி வாங்கினாலும் நிறையைப் பார்த்து, பற்றுச்சீட்டை வாங்கி வைக்கும் நாம், இலட்சக்கணக்கில் செலவாகும் சுவர் வேலையை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்லவே! பண்டாரவளை வர்த்தகர்களை மனதிற்கொண்டு இதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. காலத்தைத் தெரிவு செய்தல்

பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை நல்ல மழை. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. பெப்ரவரி, மார்ச் மாதங்களும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலமும் ஒப்பீட்டளவில் வரண்டவை.

நமது வியாபாரக் கணக்கோ வேறு விதமானது. சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் தீபாவளிக்குத் துணிமணி எடுக்க வரும் நேரத்தில் கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று செப்டெம்பர் கடைசியில் பெயின்ட் பாஸைத் தேடுகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் நல்ல பாஸ் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மழை முந்திக்கொள்கிறது. ஈரச் சுவரில் பூசிய வர்ணம் சில மாதங்களில் கொப்பளித்து உரிகிறது. தீபாவளிக்கு அழகாக வேண்டுமென்றால் மே மாதத்தில் ஆளைப் பேசி, ஓகஸ்ட் முடிவுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

ஜூலை, ஓகஸ்டில் வீசும் வரண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. அதே காற்று வர்ணத்தை அளவுக்கு மீறி வேகமாக உலரச் செய்யும். தூசியையும் கொண்டுவந்து ஒட்டும். ஏணியில் நிற்பவரையும் ஆட்டும். பலமாகக் காற்று வீசும் நாளில் உயரத்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பனி மாதங்களில் காலை ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்கு வெகு முன்னரே நிறுத்த வேண்டும்.

2. சுவரின் நோயை அறிதல்

வர்ணம் ஒரு சட்டை போன்றது. புண்ணை மறைக்கும், ஆற்றாது. ஆகவே விலை கேட்கும் முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

கறுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்த இடம் எது? அதற்கு மேலே பெரும்பாலும் ஓட்டை விழுந்த பீலியோ உடைந்த குழாயோ இருக்கும். அதைத் திருத்தாமல் பூசினால் அடுத்த மழையில் பாசி திரும்பி வரும். நமது ஊரில் மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகள் அதிகம். பின்சுவரில் மேட்டின் ஈரம் ஊறி உப்புப் பூத்து நிற்கும். அந்தச் சுவருக்கு முதலில் தேவைப்படுவது கான் ஒன்று. பெயின்ட் அதற்குப் பிறகுதான். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பழைய பூச்சு செத்துவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுக்காமல் புதியது நிற்காது. புதிதாகச் சீமெந்து பூசிய சுவரானால் குறைந்தது 28 நாட்களாவது காயவிட வேண்டும்.

வெடிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் கசியத் தொடங்கிய பின்னர், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நாம் கண்ணால் கண்டவை. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கியதும் அதற்காகத்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் பல சரிந்தன. இப்படிப்பட்ட மண்ணில், சுவர் வெடிப்பைப் பட்டி வைத்து மறைப்பது ஆபத்தானது.

மேற்பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்பைப் பெயின்ட் பாஸ் அடைக்கலாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிவது, விரல் நுழையுமளவு விரிந்தது ஆகியவை வேறு. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியை எழுதி வையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டினால் பெயின்டரை நிறுத்திவிட்டுப் பொறியியலாளரை அழையுங்கள். நிலமே நகர்கிறது என்ற சந்தேகம் எழுந்தால் கோடு தாண்டும்வரை காத்திராமல், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அறிவிப்பதே முறை.

பழைய கதவு, யன்னல், வேலன்ஸ் பலகைகளில் உள்ள எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் விதி 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூசி சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுவதும், தூளைக் கூட்டி அப்புறப்படுத்துவதும், பிள்ளைகளை அந்த நாட்களில் தூர வைப்பதும் அவசியம்.

3. அளவும் லீற்றரும்

தனியாக நிற்கும் மாடி வீடொன்று 40 அடி நீளம், 30 அடி அகலம், 20 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி. அதை 20ஆல் பெருக்கினால் 2,800 சதுர அடி. கதவு யன்னலுக்கு 300ஐக் கழித்தால் 2,500.

சமமான சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போகும். இரண்டு மேற்பூச்சுக்கு 5,000 சதுர அடி, அதாவது 50 லீற்றர். அடிப்பூச்சுக்குத் தனியாக 25 லீற்றர். சொரசொரப்பான சுவரானால் இன்னும் கூடும். இப்போது மலிவான கொட்டேஷனை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அதில் மேற்பூச்சுக்கு 30 லீற்றர்தான் இருந்தால் மர்மம் விளங்கிவிடும்: ஒன்று, இரண்டாம் பூச்சு இல்லை, அல்லது, வர்ணத்தில் தண்ணீர் அதிகம்.

என் ஆலோசனை, பெயின்டை நீங்களே வாங்குங்கள், கூலியை மட்டும் பேசுங்கள் என்பதே. முத்திரை உடையாத வாளிகளாக, ஒரே உற்பத்தித் தொகுதி இலக்கத்தில் எடுங்கள். நிற இலக்கத்தைக் குறித்து வையுங்கள். வெறும் வாளிகளை எண்ணி எடுத்த பிறகே கணக்கை முடியுங்கள். கம்பனி உத்தரவாதம் தருவதாயின் அது எந்த அடிப்பூச்சுடன், எந்த நிபந்தனையில் என்பதை வாசித்து, பற்றுச்சீட்டைக் காப்பாற்றுங்கள்.

4. ஆளைத் தெரிவு செய்தல்

போன மாதம் பூசிய சுவர் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் பூசிய சுவரைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் மழை அடிக்கும் பக்கத்தை. அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி போதும்: சொன்ன நாளில் முடித்தாரா? குறை சொன்னபோது திரும்பி வந்தாரா?

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது. அது இல்லாத அனுபவசாலிகளும் நம்மூரில் உண்டு. சான்றிதழையும் பாருங்கள், சுவரையும் பாருங்கள்.

நாட்கூலிக்கு விட்டால் வேலை இழுபடலாம். சதுர அடிக்கு விட்டால் அவசரப்படலாம். சதுர அடிக்கு விட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடங்குவது என்று பேசுவது இரண்டுக்கும் மருந்து.

5. தாளில் இருக்க வேண்டியவை

ஒரு பக்கம் போதும். எந்தெந்தச் சுவர், எத்தனை சதுர அடி. கழுவுதல், பாசி மருந்து, வெடிப்பு அடைத்தல். அடிப்பூச்சும் மேற்பூச்சும் எத்தனை, என்ன வகை. சாரம் யாருடைய செலவு. தொடங்கும் திகதி, முடியும் திகதி, மழை நாளுக்கு என்ன ஏற்பாடு. விலை எத்தனை நாளைக்குச் செல்லும், வற் வரி சேர்ந்ததா இல்லையா. 2022இல் ரூபா சரிந்தபோது ஒரு வாரத்து விலை அடுத்த வாரம் நிற்கவில்லை என்பதை நினைவிற்கொண்டால் கடைசி வரியின் அருமை புரியும்.

இதே தாளை மூவருக்கும் கொடுத்து விலை கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

கொடுப்பனவையும் பகுதி பகுதியாக எழுதுங்கள்: சிறு முற்பணம், சுவர் தயாரானதும் ஒரு பங்கு, மேற்பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து பார்க்கும்வரை வைத்திருக்க இருவரும் முதலிலேயே உடன்படலாம். அப்படி எழுதப்படாத தொகையைக் கடைசியில் பிடித்து வைப்பது அநியாயம். முடித்த வேலைக்கு உரிய கூலி அன்றே கையில் போக வேண்டும்.

6. உயரத்தில் நிற்பவரின் உயிர்

இரண்டாம் மாடிக்கு மூங்கில் ஏணியை நம்பாதீர்கள். உறுதியான சாரத்துக்கான செலவைக் கொட்டேஷனில் வெட்டச் சொல்லாதீர்கள். சுவரருகே மின்கம்பி ஓடினால் வேலைக்கு முன்பே மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கடைத்தெருவில் நடைபாதையை மறித்துச் சாரம் கட்டுவதாயின் மாநகர சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் 1934 முதல் உண்டு. ஒருவர் விழுந்துவிட்டால் அவருக்கு முதலாளி யார் என்ற கேள்வி அப்போதுதான் எழும். கொந்தராத்துக்காரரா, நீங்களா? அதையும், காப்புறுதி இருக்கிறதா என்பதையும் அதே தாளில் முன்கூட்டியே எழுதுங்கள். சட்டம் என்ன சொன்னாலும், ஒரு குடும்பத்தின் உழைப்பாளி நமது சுவருக்காக முடமாகிப் போனால் அந்தச் சுவரின் அழகைப் பார்த்துக்கொண்டு வியாபாரம் செய்ய நம்மால் முடியுமா?

ஒழுங்காகத் தயார்செய்து பூசிய சுவர் பல வருடம் தாங்கும். அவசரத்தில் பூசியதற்கு மறுவருடமே செலவு காத்திருக்கும். ஆகவே இந்த வாரம் பாஸைத் தேட வேண்டாம். ஓர் அளவு நாடாவும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு உங்கள் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். அந்தத் தாள் நிறைந்த பிறகு விலை கேளுங்கள்.