வெயில் நாட்டில் ஒரு குளிர்நாட்டுச் செடி

கிழங்கை மருந்தாகவும் தண்டை உணவாகவும் தந்து, இலையில் மட்டும் நஞ்சை வைத்திருக்கும் செடியினம் ஒன்று உண்டு. அதனை ஆங்கிலேயர் ருபார்ப் என்பர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இரேவற்சின்னி என்னும் பெயரால் விற்கப்படும் கிழங்கும் இவ்வினத்ததே. சீனத்து மலைகளும் இமயமும் சைபீரியாவும் இதன் தாயகங்களாம். மேலைநாட்டார் நெடுங்காலம் கிழங்கையே நாடினர். புளிப்பு மிக்க இலைத்தண்டைச் சருக்கரை சேர்த்துச் சமைத்துண்ணும் வழக்கம் பின்னர்த் தோன்றியது.

குளிர்காலத்தில் இச்செடியின் இலைகள் மடிந்துவிடும். நிலத்தடியிலுள்ள கிழங்கு உறங்கும். சில வாரங்களேனும் ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிர் பட்டாலன்றி அது நன்கு விழித்தெழுவதில்லை. வெப்பம் 32 பாகையைக் கடப்பின் இலைகள் துவளும், தண்டுகள் மெலியும். வெம்மையோடு ஈரமும் சேருமாயின் கிழங்கின் தலை அழுகும். குளிர்நாட்டில் பத்தாண்டுக்கு மேலும் நின்று பயன்தரும் செடி, வெயில் நாட்டில் ஒரு கோடையைத் தாண்டுவதே அரிதாகும்.

ஆயின், அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள டெக்சாசு போன்ற இடங்களில் இதனை வளர்க்கின்றனரே, அஃது எங்ஙனம்? கோடையை வெல்ல இயலாதெனக் கண்ட அவர்கள், கோடைக்கு முன்னரே பயனைக் கொள்ளும் வழியைத் தேர்ந்தனர். விதைகளை நீரில் ஊறவைத்துக் கோடையிறுதியில் நிழலில் நாற்றுவிடுகின்றனர். வெயில் தணிந்தபின் நாற்றைப் பிடுங்கி, நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் நடுகின்றனர். மென்குளிர்காலம் முழுதும் செடி தழைக்கும். இளவேனிலில் தண்டுகளைக் கொள்வர்; கோடையில் செடி மடிந்தால் வருந்தார்; அடுத்த ஆண்டுக்குப் புதுவிதை விதைப்பர். நம் உழவர் பருவமறிந்து பயிரிடுவதும் இம்முறையே அன்றோ! விதையினின்று வளர்ந்த செடிகளுள் பல பச்சைத் தண்டே தரும். சிவப்பில்லையெனின் முற்றவில்லை என்று கருதுதல் பிழை.

தண்டைக் கத்தியால் அறுத்தல் ஆகாது. அடியில் பற்றிச் சற்றே திருகி இழுத்தல் வேண்டும்.

இனி, மாணவர்களே, ஒன்றை உற்று நோக்குங்கள். அகன்று செழித்த இவ்விலையைக் கண்டால் நமக்குக் கீரை நினைவே வரும். முதல் உலகப்போரின்போது பிரித்தானியாவில் உணவு அருகியது. அப்பொழுது இவ்விலையையும் சமைத்துண்ணலாம் என்று மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அதனை நம்பி உண்டோர் நோயுற்றனர், இறப்பும் நேர்ந்தது. இலையில் மிகுந்துள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. வேகவைப்பதால் அது நீங்காது. ஆகவே, தண்டைப் பறித்தவுடனே இலையைக் கொய்து நீக்கிவிடுவர். நீக்கிய இலையை எருக்குழியில் இடுவதால் தீங்கில்லை. மட்கும்பொழுது அவ்வமிலமும் சிதைந்துபோம்.