வண்டியை நிறுத்தும் முன்...

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்கு வந்தாலும், ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தாலும், 'இதோ அஞ்சே நிமிஷம்' என்று அடுத்தவர் வாசலை மறித்து வண்டியை விடாதீர்கள்.

கரும்பு அரவைக் காலத்தில் திருப்பங்களில் நிறுத்துவதைக் கட்டாயம் தவிருங்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களில் கரும்பு இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும். திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் உள்வாங்கும். அந்த இடத்தில் ஒரு பைக் நின்றாலே போதும், பின்னால் வரும் பஸ்வரை எல்லாமே நிற்கும். பாரத்தோடு டிராக்டரைப் பின்னுக்கு எடுப்பது லேசான வேலையில்லை.

காரில் கண்ணாடிக்குள் செல்போன் எண்ணை வையுங்கள். அழைப்பு வந்தால் உடனே எடுங்கள்.

உங்கள் வாசலை யாராவது மறித்திருந்தால் கோபத்தில் டயர் காற்றைப் பிடுங்காதீர்கள். வண்டி அங்கேயே தங்கிவிடும்! எண் பலகை தெரியப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஆள் வராவிட்டால் 100-க்குச் சொல்லுங்கள். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல, மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய்.